கூட்டு ஆய்வுக்கு விதைநிதி: பினாங்கு விரிவுரையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உள் நிதிக்கு விண்ணப்பம் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தால் போதும், அன்று சாயங்காலமே எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மின்டன் வளாகத்திலிருந்து வரும், அக்கரையில் நிபோங் தெபாலிலிருந்து வரும், கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களிடமிருந்தும் வரும். ஆள்தான் மாறுவார்கள், சந்தேகம் மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன். தொகை, கடைசித் தேதி, படிவம் எல்லாம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. அவற்றை உங்கள் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் பொருந்துகிற விஷயங்கள் மட்டும் இங்கே.

1. டாக்டர், விதைநிதின்னு சொல்றாங்களே, அது கடனா? திருப்பிக் கட்டணுமா?

கட்ட வேண்டாம். பல்கலைக்கழகம் தன் பணத்திலிருந்து ஒதுக்கித் தன் விரிவுரையாளர்களுக்கே கொடுக்கும் சிறிய ஆய்வு நிதி இது. பெரும்பாலும் ஓராண்டுக்கு, மிஞ்சினால் இரண்டாண்டுக்கு. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. உங்கள் ஆய்வின் பெயரில் பல்கலைக்கழகக் கணக்கில் ஓர் எண் திறப்பார்கள், செலவெல்லாம் அந்த எண்ணில்தான் எழுதப்படும். முதல் முறை கிராண்ட் கிடைத்தவர்கள் வங்கி ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பதுண்டு. பார்த்துப் பயனில்லை.

கூட்டு ஆய்வுக்கான விதைநிதி இதில் ஒரு வகை. வெவ்வேறு துறைக்காரர்கள் சேர்ந்து ஒரு யோசனை தேறுமா என்று சோதித்துப் பார்க்கக் கொடுப்பது. முழு ஆய்வையும் இதிலேயே முடிக்கச் சொல்ல மாட்டார்கள். முதல் தரவு கையில் இருக்க வேண்டும், இந்தக் குழுவால் சேர்ந்து வேலை பார்க்க முடியும் என்று தெரிய வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

2. நேரா எஃப்.ஆர்.ஜி.எஸ்.-க்கே போடலாமே? இந்தச் சின்னக் காசுக்கு ஏன் மெனக்கெடணும்?

போடலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. எஃப்.ஆர்.ஜி.எஸ். உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு நிதி. மைகிராண்ட்ஸ் என்ற இணையத்தளம் வழியாக நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களோடும் போட்டி போட வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டு ஆய்வு. புதிய கோட்பாடோ புதிய அறிவோ வர வேண்டும், பட்டப்படிப்பு மாணவரையும் உருவாக்கிக் காட்ட வேண்டும். அதே அமைச்சில் மாதிரிக் கருவி செய்ய பி.ஆர்.ஜி.எஸ்., துறை கடந்த ஆய்வுக்கு டி.ஆர்.ஜி.எஸ்., நீண்ட கால ஆய்வுக்கு எல்.ஆர்.ஜி.எஸ். என்று தனித்தனியாக உண்டு.

அந்தப் போட்டியில் பக்கத்து மேசையில் இருக்கும் விண்ணப்பத்தில் முன்னோட்டத் தரவு இருக்கும், உங்களுடையதில் ‘செய்யத் திட்டமிட்டுள்ளோம்’ என்று இருக்கும். மதிப்பீட்டாளர் எதை எடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. விதைநிதியை அந்த ஓட்டையை அடைக்கும் பணமாக நினையுங்கள். தொகையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள்தான் இரண்டு ஆண்டு கழித்தும் அதே வெறும் விண்ணப்பத்தை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

3. நான் கான்ட்ரெக்ட்லதான் இருக்கேன். விண்ணப்பிக்கலாமா?

ஆய்வு முடியும் தேதி உங்கள் ஒப்பந்தம் முடியும் தேதிக்குள் இருந்தால் பல இடங்களில் தலைவராகவே போடலாம். இல்லையென்றால் நிரந்தர விரிவுரையாளர் ஒருவரைத் தலைவராக வைத்து நீங்கள் உறுப்பினராக இருங்கள். அப்படி இருக்கும்போது உங்கள் பங்கு என்னவென்று எழுத்தில் வைத்துக்கொள்வது முக்கியம். ஏன் என்பது கேள்வி 12-இல்.

4. ‘கூட்டு’ன்னா எத்தனை பேர் வேணும்? என் ரூமுக்குப் பக்கத்து ரூம் விரிவுரையாளரைச் சேர்த்தா போதாதா?

எண்ணிக்கை அறிவிப்பில் இருக்கும். நான் சொல்ல வேண்டியது வேறு. விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் ஓர் உறுப்பினரின் பெயரை அழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அவர் இல்லாமலும் ஆய்வு அப்படியே நடக்கும் என்றால், அவர் அங்கே சும்மா நிற்கிறார் என்று அர்த்தம். மதிப்பீட்டுக் குழுவும் இதைத்தான் செய்து பார்க்கிறது. நிராகரிக்கப்படும் கூட்டு விண்ணப்பங்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுவே. தலைவர் ஒருவர் எல்லாவற்றையும் செய்வார், மற்ற மூவரும் ‘ஆலோசனை வழங்குவர்’. ஆலோசனை டீக்கடையிலும் கிடைக்கும், அதற்குக் கிராண்ட் வேண்டாம்.

பக்கத்து அறைக்காரர் வேறு முறையில் வேலை பார்ப்பவர் என்றால் தாராளமாகச் சேருங்கள். ஒரே துறையில் இருவர் ஒரே மாதிரி யோசிப்பவர்கள் என்றால், அது சாதாரணத் துறை ஆய்வு. அதற்கு வேறு உள் நிதி இருக்கும்.

5. வேற துறையில எனக்கு யாரையுமே தெரியாது. எங்க போய் ஆள் தேடறது?

பினாங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1969-இல் தொடங்கியபோதே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வழக்கமான புல முறையை எடுத்துக்கொள்ளாமல், துறைகளுக்கு இடையே சுவர் குறையட்டும் என்று ‘ஸ்கூல்’ முறையை எடுத்துக்கொண்டது. ஆனால் முறை இருந்தால் போதுமா? மின்டன் வளாகத்தில் பல ஆண்டு வேலை பார்த்தும் எதிர்க் கட்டடத்துக்குள் போகாதவர்கள் இருக்கிறார்கள். பொறியியல்காரர்களோ கடல் தாண்டி நிபோங் தெபாலில் தனி வளாகத்தில் இருக்கிறார்கள், மருத்துவம் கிளந்தானில் குபாங் கிரியானில்.

ஆளைத் தேடாதீர்கள், கேள்வியை எடுத்துக்கொண்டு போங்கள். ‘என்னோடு ஆய்வு செய்ய வருகிறீர்களா?’ என்று மின்னஞ்சல் அனுப்பினால் பதில் வராது. ‘இந்தப் பிரச்சினையில் எனக்கு இவ்வளவு தெரியும், இந்த இடத்தில் நின்றுவிட்டேன், இது உங்கள் துறை’ என்று மூன்று வரி எழுதினால் பெரும்பாலும் பதில் வரும். முதுகலை மாணவர்களின் ஆய்வுக் கருத்தரங்குகளுக்குப் போய் உட்காருங்கள். ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பேராசிரியர்களை விட அந்த மாணவர்கள் வெளிப்படையாகச் சொல்வார்கள்.

6. நான் தமிழ்த் துறை, டாக்டர். இதெல்லாம் சயன்ஸ்காரங்களுக்குத்தானே?

இந்தக் கேள்வியைத்தான் மிக அதிகமாகக் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிலிருந்து, தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழகத்திலிருந்து, இங்கிருந்தும்தான். அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகவே பார்த்துவிடுவோம். கற்பனை உதாரணம்தான், ஆனால் நம் ஊரில் எவரும் கண்ணால் பார்க்கக்கூடியது.

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகிறது. 1894 முதல் ஓடும் ரதம் அது, 2017 முதல் தங்க ரதமும் போகிறது. வழி நெடுகத் தேங்காய் உடைக்கிறார்கள். ரதம் கடந்து போனபின் அந்தச் சாலையில் நடந்திருக்கிறீர்களா? செருப்பு ஒட்டும். ஓடும் பருப்பும் நீரும் மண்ணும் கலந்து கிடக்கும், மாநகராட்சி ஆட்கள் வாரி அள்ளிக்கொண்டு போவார்கள். வேதிப் பொறியியல் விரிவுரையாளருக்கு அது மூலப்பொருள். தேங்காய் ஓட்டிலிருந்து செயலூட்டிய கரி செய்வது தெரிந்த தொழில்நுட்பம், நீரை வடிகட்ட உதவும். ஆனால் அவருக்குச் சுத்தமான, காய்ந்த ஓடு வேண்டும். சாலை மண் ஒட்டினால் சாம்பல் அளவு ஏறி, கரியின் தரம் இறங்கிவிடும். ஆகவே மண்ணில் கிடந்து ஊறுவதற்கு முன்பே எடுக்க வேண்டும், அதாவது ரதம் போனதும், பக்தர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே.

இங்கேதான் அவர் நிற்கிறார், நீங்கள் தேவைப்படுகிறீர்கள். அது நேர்த்திக்கடன் தேங்காய். உடைந்த பின் அது யாருடையது? அதைச் சாக்கில் அள்ளிப் போவதைப் பார்க்கும் பாட்டி என்ன சொல்வார்? கோயில் வழியாக எடுத்தால் சரியா, தண்ணீர்ப் பந்தல்காரர்கள் எடுத்தால் சரியா? கரியாகி வடிகட்டியில் போவது அவர்களுக்குப் புண்ணியமா, அவமதிப்பா? இதைக் கேட்டு எழுதத் தெரிந்தவர் பண்பாட்டு ஆய்வு படித்தவர்தான். இருவரும் சேர்ந்தால் கேள்வி இப்படி வரும்: பக்தர்கள் மனம் ஒப்பும் முறையில் சேகரித்த ஓட்டிலிருந்து, பயன்படும் தரத்தில் கரி வருமா? இதை வேதிப் பொறியாளர் தனியாகக் கேட்க முடியாது. நீங்களும் தனியாகக் கேட்க முடியாது. கேள்வி 4-இல் சொன்ன சோதனையில் யார் பெயரை அழித்தாலும் ஆய்வு விழுந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில தமிழ் விரிவுரையாளர்கள் குழுவில் மொழிபெயர்ப்பாளராக மட்டும் போய்ச் சேர்கிறார்கள். பேட்டித் தாளைத் தமிழாக்கித் தருவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. அந்த வேலைக்கு வெளியாளுக்குச் சம்பளம் கொடுத்தால் போதும். ஆய்வுக் கேள்வியில் உங்கள் கை இல்லையென்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

7. பட்ஜெட்ல வோட் 11000, வோட் 27000-ன்னு போட்டிருக்கு. தலையும் புரியல, வாலும் புரியல.

மலேசிய ஆய்வு நிதிகளில் ஒவ்வொரு செலவினத்துக்கும் ஓர் எண் உண்டு, அதைத்தான் வோட் என்கிறார்கள். 11000 ஆய்வு உதவியாளர் சம்பளம், 21000 பயணம், 24000 வாடகை, 27000 ஆய்வுப் பொருள்கள், 28000 சிறு பழுதுபார்ப்பு, 29000 தொழில்முறைச் சேவைகள், 35000 கருவிகள். எஃப்.ஆர்.ஜி.எஸ்.-இலும் இதே எண்கள்தான் என்பதால் இப்போதே பழகிக்கொண்டால் நல்லது.

மேலே சொன்ன தேங்காய் ஆய்வுக்கு 20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் ஒருவருக்கு மாதம் 1,800 ரிங்கிட், ஐந்து மாதம் என்றால் 9,000. இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் உதைக்கும். முதலாளி பங்காக ஊழியர் சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 1,170 ரிங்கிட். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கும் வேலைக் காப்புறுதிக்கும் சேர்த்துச் சுமார் 180. ஆக வோட் 11000-இல் 10,350 ரிங்கிட் எழுத வேண்டும். முழுநேர ஆள் என்றால் 2025-இல் 1,700 ரிங்கிட் ஆன குறைந்தபட்சச் சம்பளத்தையும் நினைவில் வையுங்கள், பழைய விண்ணப்பத்திலிருந்து 1,500 என்று நகலெடுத்துப் போடாதீர்கள். நிபோங் தெபாலுக்கும் தீவுக்கும் போய்வரும் செலவு 2,150, வோட் 21000. சாக்கு, கையுறை, வேதிப்பொருள், ஒலிப்பதிவுக் கருவிக்கு மின்கலம் என்று 3,500, வோட் 27000. கரியின் பரப்பை அளக்கும் பி.இ.டி. பரிசோதனைக் கட்டணமும் பேட்டிகளை எழுத்தாக்கும் கூலியும் 4,000, வோட் 29000. கூட்டிப் பாருங்கள், 20,000.

ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘பயணம்: 2,150’ என்பதைப் பார்த்தால் குழு வெட்டும். எத்தனை முறை, எங்கிருந்து எங்கே, எதற்கு என்று இருந்தால் வெட்டக் கை வராது.

8. லேப்டாப் வாங்கிக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. ஆய்வுக்கு அது இல்லாமல் நடக்காது என்று நிரூபித்து வாங்கினாலும் அது பல்கலைக்கழகச் சொத்து. எண் ஒட்டுவார்கள், ஆய்வு முடிந்தால் ஒப்படைக்க வேண்டும்.

9. சம்பளம் கொடுக்க ஆள் வேணாம், என் மாஸ்டர்ஸ் மாணவியையே வெச்சு செஞ்சுக்கிறேன். சரியா?

மாணவியின் ஆய்வேடும் உங்கள் ஆய்வும் ஒரே பொருளில் இருந்தால் மிகவும் நல்லது, பல்கலைக்கழகமும் அதை விரும்பும். அப்போது அவருக்குக் கொடுப்பது சம்பளமா, பட்டதாரி ஆய்வு உதவியாளர் படியா என்று ஆய்வு மேலாண்மை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சேமநிதிக் கணக்கு அதைப் பொறுத்து மாறும்.

இருவர் சேர்ந்த ஆய்வில் மாணவி யாருடையவர் என்பது சண்டைக்கு வழி. முதன்மை மேற்பார்வையாளர் ஒருவர், இணை மேற்பார்வையாளர் மற்றவர் என்று பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். இருவரும் ஆளுக்கொரு திசையில் வேலை ஏவி, நடுவில் அந்தப் பெண் அழுதுகொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

10. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்ககிட்ட ஆய்வு செய்யப்போறோம். தலைமையாசிரியர் என் கூடப் படிச்சவர், ஓகேன்னு சொல்லிட்டார். அது போதும்தானே?

போதாது. தலைமையாசிரியர் வரிசையில் கடைசி. முதலில் உங்கள் பல்கலைக்கழக மனித ஆய்வு நெறிக்குழு, மின்டன்காரர்களுக்கு அது ஜெபெம். பிறகு கல்வியமைச்சின் திட்டமிடல், ஆய்வுப் பிரிவான இ.பி.ஆர்.டி., விண்ணப்பம் இ-ராஸ் என்ற இணைய முறை வழியாக. அந்தக் கடிதம் கிடைத்ததும் மாநிலக் கல்வி இலாகா. அப்புறம்தான் உங்கள் நண்பர். அவர் ஏற்கெனவே சரி சொல்லியிருப்பது வேலையை எளிதாக்கும், அனுமதியாக ஆகாது. அனுமதியில்லாமல் எடுத்த தரவை நல்ல இதழ்கள் வெளியிடா, நாளைக்குச் சிக்கல் வந்தால் அவர் தலையும் உருளும்.

பெற்றோர் ஒப்புதல் தாள் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் தனியே வேண்டும். ஒப்புதல் தாளைத் தமிழிலும் மலாயிலும் அடியுங்கள். மூன்று பக்கத்துக்குச் சட்டமொழியில் எழுதினால் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடந்துவிட்டுத் திரும்பி வரும். ‘உங்கள் பிள்ளை ஒரு கதையை உரக்க வாசிப்பார், நாங்கள் குரலைப் பதிவு செய்வோம், பெயர் எங்கும் வராது, வேண்டாமென்றால் எந்த நேரமும் நிறுத்தலாம்’ என்று எழுதினால் பாட்டியே படித்துக் கையெழுத்துக்குக் கொடுப்பார்.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அத்தனையிலும் செய்யப்போகிறோம் என்று ஆசையாக எழுதுகிறார்கள். விதைநிதிக்கு இரண்டு மூன்று பள்ளி போதும். மீதியை எஃப்.ஆர்.ஜி.எஸ்.-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஒரு வருஷத்துக்குள்ள இதெல்லாம் முடியுமா-லா?

நாள்காட்டியைப் பின்னாலிருந்து போட்டால் முடியும். நெறிக்குழு அனுமதிக்கே வாரங்கள் போகும், கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் மாதங்கள். அதனால் நிதி முடிவு வரும்வரை காத்திருக்காமல் நெறிக்குழு விண்ணப்பத்தை முன்பே தயாராக வையுங்கள். பள்ளித் தவணை 2026 முதல் மறுபடி ஜனவரியில் தொடங்குகிறது, பழைய அட்டவணையை நம்பித் திட்டம் போட்டவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். உங்கள் கணக்கு எண் மார்ச்சில் திறந்தால் அந்த ஆண்டுத் தைப்பூசம் போய்விட்டது. அடுத்தது வரும்போது பன்னிரண்டு மாதம் முடிய ஓரிரு மாதம்தான் பாக்கி. இப்படிப்பட்ட ஆய்வில் முதல் பாதியில் கோயில் நிர்வாகம், பக்தர்களிடம் பேட்டி, சந்தையில் வாங்கிய ஓட்டை வைத்து ஆய்வகச் சோதனை என்று போட்டு, களச் சேகரிப்பைக் கடைசியில் வைத்து, காலத்தை ஆரம்பத்திலேயே பதினெட்டு மாதமாகக் கேளுங்கள். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளியையொட்டி அலுவலகமும் ஆய்வகமும் மெதுவாக ஓடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

12. பெரிய பேராசிரியர் ஒருத்தர் ‘என் பேரையும் போட்டுக்கோ, பாஸாயிடும்’னு சொல்றார். என்ன செய்றது?

ரொம்பக் கஷ்டமான கேள்வி இது. நம்மவர்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். ‘வேண்டாம் புரோஃப்’ என்று சொல்லச் சொல்லவில்லை. ‘புரோஃப், உங்கள் பங்காக எந்தப் பகுதியை எழுதட்டும்?’ என்று கேளுங்கள். உண்மையிலேயே ஆர்வம் உள்ளவர் ஒரு பகுதியைச் சொல்வார், உங்களுக்கு நல்ல துணை கிடைத்தது. பெயர் மட்டும் வேண்டியவர் ‘பார்த்துக்கலாம்’ என்பார். அந்த ‘பார்த்துக்கலாம்’ கட்டுரை எழுதும்போது முதல் பெயராக வந்து நிற்கும்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் அனைத்துலகக் குழு, கட்டுரையாசிரியர் என்று பெயர் போட நான்கு தகுதி வைத்திருக்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. நான்கும் வேண்டும். பணம் வாங்கித் தந்ததும் துறைத் தலைவராக இருப்பதும் மட்டும் இதில் சேராது. மற்றத் துறைகளும் இதைப் பின்பற்றத் தொடங்கிவிட்டன.

குழு கூடிய முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கட்டுரைக்கு யார் முதல் ஆசிரியர், தரவு யாரிடம் இருக்கும், யாராவது விலகினால் என்ன. வக்கீல் வேண்டாம். எல்லாரும் ‘ஓகே’ என்று பதில் போட்ட ஒரு மின்னஞ்சல் போதும். துறைக்குத் துறை பழக்கம் மாறும் என்பதையும் பேசிவிடுங்கள். ஆய்வகத் துறைகள் பலவற்றில் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருக்கு. தமிழ்த் துறையில் கடைசிப் பெயரைப் பார்த்தால் குறைவாகச் செய்தவர் என்று நினைத்துக்கொள்வோம்.

13. விண்ணப்பத்தைப் படிக்கறவங்களுக்கு நம்ம துறை தெரியுமா?

பாதிப் பேருக்குத் தெரியாது. கூட்டு விதைநிதிக் குழுவில் மருத்துவரும் இருப்பார், கட்டடக் கலைஞரும் இருப்பார். முதல் பக்கத்தை உங்கள் துறை சாராத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, ‘நான் என்ன செய்யப் போகிறேன்?’ என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அனுப்பலாம். மொழி ஆங்கிலம் அல்லது மலாய். தமிழ்த் தரவு இருந்தால் சில வரிகளை மொழிபெயர்ப்போடு காட்டுங்கள், வெறும் விவரிப்பை விட அது பேசும்.

14. தமிழ்நாட்டுல ஒரு பேராசிரியர் இருக்கார், அவரைச் சேர்க்கலாமா? பணம் அனுப்பலாமா?

சேர்க்கலாம், உறுப்பினராக. பணம் வெளியே போகாது என்று எடுத்துக்கொள்ளுங்கள், உள் நிதி உள்ளேயே செலவாக வேண்டும் என்பதுதான் வழக்கம். அவர் பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஒரு தொகை போட்டால் அது இணைநிதி, விண்ணப்பத்துக்கு நல்ல பலம்.

அவர் இங்கே வந்து களப்பணி செய்யப் போகிறார் என்றால் கதை வேறு. வெளிநாட்டு ஆய்வாளர் மலேசியாவில் ஆய்வு நடத்த 1999-ஆம் ஆண்டின் மூன்றாம் எண் பொதுச் சுற்றறிக்கைப்படி அரசாங்க அனுமதி வேண்டும். முன்பு பொருளாதாரத் திட்டப் பிரிவு பார்த்த வேலை அது. சுற்றுலா விசாவில் வந்து, ‘சும்மா கோயிலுக்குப் போனேன், அப்படியே பேட்டி எடுத்தேன்’ என்பது செல்லாது. சிறிய நிதிக்கு இவ்வளவு தொல்லை தேவையில்லை. களப்பணியை இங்கிருப்பவர்கள் செய்து, அவர் அங்கிருந்தே பகுப்பாய்வில் சேரட்டும்.

15. நடுவுல என் பார்ட்னர் வேற யூனிவர்சிட்டிக்குப் போய்ட்டார்.

உடனே எழுதித் தெரிவியுங்கள். உறுப்பினர் போனால் மாற்று ஆளைச் சேர்க்க ஒப்புதல் கேட்கலாம், போனவர் வெளி உறுப்பினராகத் தொடரவும் முடியும். தலைவரே போய்விட்டால் இருக்கும் ஒருவர் தலைமையை ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடுவார்கள். விஷயத்தை மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு முன்னேற்ற அறிக்கையில் சொல்வதுதான் மோசம். தரவு யாரிடம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். கேள்வி 12-இல் சொன்ன அந்த ஒரு பக்கம் இங்கே உதவும்.

16. நினைச்ச ரிசல்ட் வரல. காசைத் திருப்பிக் கேப்பாங்களா?

கேட்க மாட்டார்கள். யோசனை தேறாது என்று ஓராண்டில் சிறிய செலவில் தெரிந்துகொண்டது பல்கலைக்கழகத்துக்கு லாபம்தான். இறுதி அறிக்கையில் என்ன செய்தீர்கள், எங்கே நின்றது, ஏன் என்று நேராக எழுதுங்கள். அறிக்கையே கொடுக்காமல் இருப்பவர்களுக்குத்தான் அடுத்த விண்ணப்பத்தில் கதவு மூடும்.

17. ரிசல்ட் நல்லா வந்து, பேட்டன்ட் எடுக்கலாம் போல இருக்கு. யாருக்குச் சொந்தம்? கருத்தரங்குல பேசலாமா?

1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாகக் கண்டுபிடித்தது முதலாளிக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு. கண்டுபிடித்தவர் என்ற பெயர் உங்களுக்கு. வருமானம் வந்தால் அதில் பங்கும் உண்டு, விகிதம் உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையில் இருக்கும். இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஆய்வு என்றால் பங்கு எப்படி என்று தொடக்கத்திலேயே ஒப்பந்தம் வேண்டும், கண்டுபிடித்த பின் பேசினால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கருத்தரங்கில் பேசும் முன் ஆய்வு மேலாண்மை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். நீங்களே வெளியிட்டிருந்தால் அதற்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க மலேசியச் சட்டம் இடம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது, வாயைத் திறந்தால் அங்கே உரிமை போய்விடும். மாணவரின் சுவரொட்டியும் முகநூல் பதிவும் வெளியீடுதான். நேர்த்திக்கடன், பக்தி என்று மக்கள் மனம் சொன்னதைக் கொண்டு வந்த கண்டுபிடிப்பென்றால், அவர்களுக்கு அதில் என்ன போகிறது என்பதைக் காப்புரிமைப் படிவம் கேட்காது. நீங்கள் கேளுங்கள்.

18. டிசம்பர் வந்துடுச்சு, பணம் மிச்சம் இருக்கு. என்ன பண்ணலாம்?

அவசரமாக மை டப்பாவும் காகிதக் கட்டும் வாங்கிக் குவிக்காதீர்கள், தணிக்கையில் தெரியும். அரசுப் பல்கலைக்கழகங்களில் கணக்கு ஆண்டு டிசம்பரில் முடிகிறது. கொள்முதல் ஆணைகளை அதற்குப் பல வாரம் முன்பே நிறுத்திவிடுவார்கள், நவம்பரில் கேட்டாலே ‘அடுத்த வருஷம் வாங்க’ என்ற பதில் வரும். பரிசோதனைக் கட்டணம் போன்ற பெரிய செலவுகளை ஆண்டின் நடுவிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஆய்வுக் காலம் முடியவில்லையென்றால் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக எழுதிக் கேளுங்கள், காலம் முடியப் போகிறதென்றால் நீட்டிப்பு கேளுங்கள். இரண்டையும் கடைசி நாளுக்கு வெகு முன்பே கேட்க வேண்டும். ஏன் தாமதம், இதுவரை என்ன கிடைத்தது, மீதிப் பணத்தில் எது எந்த மாதம் என்று மூன்று பத்தி. நெறிக்குழு அனுமதி தாமதமானது காரணமென்றால் அந்தக் கடிதத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள், அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.